700 கோடி ரூபாய்த் தலை!

2017-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி. இரவு நேரம்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் "சாதபீஸ்" என்ற பிரபல ஏலக் கம்பெனியின் கூடம். பணக்காரர்கள் உட்கார்ந்து இருக்கிறார்கள். ஒரு படம் ஏலத்துக்கு வருகிறது.

ஆறு அடி உயரமுள்ள படம். அதில் ஒரே ஒரு தலை. மனிதனுடைய தலையா, மண்டை ஓடா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பின்னால் நீல நிறம். தலை முழுவதும் கறுப்பு. அதற்குள் மஞ்சளும் சிவப்பும் ஓடுகின்றன. பற்கள் வரிசையாகத் தெரிகின்றன. கோடுகள் கன்னாபின்னாவென்று பாய்கின்றன.

"இதை என் வீட்டுப் பையன்கூட வரைவானே!" என்று பார்த்தவுடன் தோன்றும்.

ஏலம் சுமார் பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் ஜப்பான் நாட்டுப் பணக்காரர் யுசாகு மேசாவா அந்தப் படத்தை எடுத்தார். விலை 11 கோடியே 5 லட்சம் டாலர்! அன்றைய கணக்குப்படி, நம் பணத்தில் 700 கோடி ரூபாய்க்கு மேல்!

இதே படம் 1984-ம் ஆண்டில் 19 ஆயிரம் டாலருக்கு ஏலம் போன படம்தான்.

இதை வரைந்தவர் ழான் மிஷேல் பாஸ்கியா. வரைந்த ஆண்டு 1982. அப்போது அவருக்கு வயது 21. படம் இந்த விலைக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் எதைக் கொண்டு வரைந்தார்? மூன்று பொருள்கள். தண்ணீரில் கரையும் "அக்ரிலிக்" வர்ணம். பீய்ச்சி அடிக்கும் டப்பா வர்ணம். மூன்றாவது, எண்ணெய் வர்ணக் குச்சி.

அந்த மூன்றாவது பொருள்தான் பாஸ்கியாவின் கை விரல் போல இருந்தது.

என்ன குச்சி?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் கிரேயான் எல்லோருக்கும் தெரியும். அது மெழுகு. எண்ணெய் வர்ணக் குச்சி அது அல்ல.

ஓவியர்கள் குழாயில் அடைத்து விற்கும் எண்ணெய் வர்ணத்தைப் பயன்படுத்துவார்கள். வர்ணப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்துச் செய்தது அது. அதோடு மெழுகைச் சேர்த்து, கெட்டியாக்கி, குச்சியாக வார்த்து விட்டால் எண்ணெய் வர்ணக் குச்சி! பெரிய உதட்டுச் சாயக் குச்சி என்று நினைத்துக்கொள்ளலாம். சில குச்சிகள் கட்டை விரலைவிடத் தடிமனாக இருக்கும்.

கடையில் "ஆயில் பேஸ்டல்" என்று ஒன்று விற்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

தேங்காய் எண்ணெயைத் தட்டில் ஊற்றி வைத்தால் அது எண்ணெயாகவே இருக்கும். உலராது. ஆளி விதை எண்ணெய் அப்படி அல்ல. காற்றில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கெட்டியாகி, தோல் போல ஆகிவிடும். ஆயில் பேஸ்டலில் இருப்பது உலராத எண்ணெய். அதனால் வரைந்து பல வருடம் ஆனாலும் விரலில் ஒட்டும். எண்ணெய் வர்ணக் குச்சியில் இருப்பது உலரும் எண்ணெய். சில நாட்களில் மேல்பாகம் காய்ந்துவிடும். உள்ளே நன்றாகக் காய மாதக் கணக்கில் ஆகலாம்.

குச்சியும் சும்மா வைத்திருந்தால் காயும். பால் ஆறினால் ஆடை படிகிறது அல்லவா? அதுபோலக் குச்சியின் நுனியிலும் ஓர் ஆடை படியும். கத்தியாலோ துணியாலோ அதை உரித்துவிட்டு வரைய வேண்டும். உள்ளே வர்ணம் வெண்ணெய் போல மெத்தென்று இருக்கும்.

யார் கண்டுபிடித்தது?

பிரான்சு நாட்டில் ழான் பிரான்சுவா ரஃபாயெல்லி என்று ஓர் ஓவியர் இருந்தார். 1850-ல் பிறந்தவர். பாரிசு நகரத்தின் ஓரத்தில் வாழ்ந்த ஏழை எளியவர்களை வரைந்தவர். எண்ணெய் வர்ணத்தைக் குச்சியாக்கும் வேலையில் அவர் இறங்கினார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் பெயராலேயே இந்தக் குச்சிகள் விற்பனைக்கு வந்தன.

தட்டு வேண்டாம், பிரஷ் வேண்டாம், கையில் எடுத்தால் நேரே படம்தான்! ஆனாலும் அந்தக் காலத்தில் அது பெரிதாகப் பரவவில்லை.

ஆயில் பேஸ்டலுக்கு வேறு கதை. 1925-ல் ஜப்பானில் "சகுரா" கம்பெனி பிள்ளைகளுக்காக அதைச் செய்தது. 1949-ல் ஓவிய மேதை பிக்காசோவுக்கு அதில் ஆசை வந்தது. எந்தப் பொருள் மேலும் எழுத வேண்டும், நிறமும் மங்கக்கூடாது என்று கேட்டார். அவருடைய நண்பர் ஹென்ரி கெட்ஸ் என்ற ஓவியர் மூலம் பாரிசில் உள்ள "செனெலியே" வர்ணக் கடைக்குச் செய்தி போனது. கடைக்காரர் செய்து கொடுத்தார். பிள்ளைகளின் பொருள் பெரியவர்கள் கைக்கு வந்தது.

கை சொல்வதைக் கேட்கும்

பிரஷ் பிடித்து வரைகிறவர் அடிக்கடி நிறுத்த வேண்டும். தட்டில் தொட வேண்டும். வர்ணம் தீர்ந்தால் மீண்டும் தொட வேண்டும். மனதில் வேகமாக வந்த எண்ணம், அதற்குள் பாதி போய்விடும்.

குச்சிக்கு அந்தத் தடை இல்லை. தோளில் இருந்து கையை வீசினால் கோடு வீச்சாகப் போகும். அழுத்தினால் தடித்து, மேடு தட்டி நிற்கும். லேசாகத் தொட்டால், கித்தான் துணியின் நெசவு மட்டும் வர்ணம் பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கோபத்தில் போட்ட கோடு வேறு, தயங்கிப் போட்ட கோடு வேறு. பார்த்தாலே தெரிந்துவிடும். ஒளித்து வைக்க முடியாது!

ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைத் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறினால் அடி நிறம் பளிச்சென்று வெளியே வரும். துணியால் தேய்த்தால் இரண்டு நிறமும் குழைந்து மூன்றாவது நிறமாகும். டர்பன்டைனில் நனைத்த பிரஷால் தடவினால், கோடு கரைந்து மேகம் போலப் பரவும்.

தவறு செய்தால்? ரப்பர் வைத்து அழிக்க முடியாது. கத்தியால் சுரண்டலாம். அல்லது தவறின் மேலேயே வரையலாம். ஓவியர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைத்தான் விரும்புகிறார்கள்.

மீசையை மயிர் மயிராக வரைய வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் குச்சி உதவாது. நுனி மொத்தமாக இருக்கும். அதோடு சண்டை போட்டுப் பயன் இல்லை.

வெறும் காகிதத்திலும் வரையக்கூடாது. எண்ணெய் காகிதத்தில் ஊறும். நாளடைவில் காகிதம் பழுப்பாகி நொறுங்கிவிடும். முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று பூசி, அது காய்ந்த பிறகு வரைய வேண்டும். அக்ரிலிக் வர்ணம் அடியில் இருக்கலாம், எண்ணெய்க் குச்சி மேலே வரலாம். மாற்றிச் செய்தால் நாளடைவில் உரிந்துவிடும்.

ஜாக்கிரதை!

இந்த இடத்தைக் குடும்பத்தினர் கவனித்துப் படிக்க வேண்டும்.

சில வர்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு. அவை உடம்புக்கு ஆகாதவை. ஆகவே சிறு குழந்தைகள் கையில் எண்ணெய் வர்ணக் குச்சியைக் கொடுக்கக்கூடாது. பெரியவர்களும் வரைந்த கையோடு சாப்பிட உட்காரக்கூடாது.

இன்னொன்று, துணி. ஆளி விதை எண்ணெய் பட்ட கந்தல் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது தானாகவே தீப்பிடிக்கும்! நெருப்புக் குச்சி தேவை இல்லை. எண்ணெய் காற்றை இழுத்துக் காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. ஏறிக்கொண்டே போய், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இது கட்டுக்கதை அல்ல. 1991-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு 38 மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. 22-வது மாடியில், மரப் பலகைக்கு மெருகு போட்ட வேலையாட்கள் விட்டுச் சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிதான் காரணம். தீயணைக்கும் வீரர்கள் மூன்று பேர் உயிர் இழந்தார்கள்.

துணியை விரித்து வெளியே காயப்போட வேண்டும். அல்லது தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

கறுப்பு மட்டும்

இந்தக் குச்சியைப் பிடித்த பெரிய ஓவியர்கள் பலர். அவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். ரிச்சர்ட் செரா. பிரமாண்டமான இரும்புத் தகடுகளை நிறுத்தி வைக்கும் சிற்பி என்று பெயர் பெற்றவர். தகப்பனார் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவர். செராவும் வாலிப வயதில் உருக்கு ஆலைகளில் வேலை செய்தவர்.

அவர் கறுப்புக் குச்சியை மட்டுமே எடுத்தார். ஒரு குச்சி போதவில்லை. பல குச்சிகளை உருக்கி, செங்கல் போல ஒரு கட்டியாக வார்த்தார். அதை இரண்டு கையாலும் பிடித்து, சுவர் அளவு கித்தானில் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தேய்த்தார். சில சமயம் கம்பி வலையைக் காகிதத்தின் மேல் வைத்து, வலை வழியாக வர்ணத்தை அழுத்தினார்.

2011-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம், அவருடைய வரைபடங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. 2024-ல் செரா காலமானார்.

விபத்தும் புத்தகமும்

இனி பாஸ்கியா கதைக்கு வருவோம்.

1960-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் பிறந்தான் அந்தப் பையன். தகப்பனார் ஜெரார், ஹைத்தி நாட்டில் இருந்து வந்தவர். கணக்கர் வேலை. தாயார் மட்டில்டே, போர்ட்டோ ரிக்கோ வம்சம்.

பையன் எந்நேரமும் வரைவான். தாயார் அவனைக் கைப்பிடித்து மியூசியம் மியூசியமாக அழைத்துப் போவார். ஆறு வயதிலேயே புரூக்ளின் மியூசியத்தில் அவனைச் சிறுவர் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்.

1968-ல், அவனுக்கு ஏழு வயது. தெருவில் விளையாடிக்கொண்டு இருந்தபோது ஒரு கார் மோதியது. கை முறிந்தது. வயிற்றில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

படுக்கையில் கிடந்த பையனுக்குத் தாயார் ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். பொம்மைப் புத்தகமோ கதைப் புத்தகமோ அல்ல. டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பார்க்கும் "கிரேஸ் அனாடமி"! எலும்பு, நரம்பு, ஈரல், மண்டை ஓடு எல்லாம் படமாக இருக்கும் தடித்த புத்தகம். தன் உடம்புக்குள் என்ன உடைந்தது என்று பையன் அதில் பார்த்தான்.

பிற்காலத்தில் அவர் வரைந்த படங்களில் எலும்பும் பல்லும் மண்டையும் வந்துகொண்டே இருந்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது.

அதே ஆண்டில் பெற்றோர் பிரிந்தார்கள். பிள்ளைகள் தகப்பனாரிடம் வளர்ந்தார்கள். தாயாருக்குப் பிறகு மனநோய் கண்டது. மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக ஆயிற்று அவர் வாழ்வு.

தெருவில்

17 வயதில் படிப்பு நின்றது. வீடும் இல்லை என்று ஆயிற்று. நண்பர்கள் வீட்டில் தூக்கம். தன் கையால் செய்த தபால் அட்டைகளையும் பனியன்களையும் தெருவில் விற்றுச் சாப்பாடு.

இரவில் அவரும் நண்பர் அல் டயசும் சுவர்களில் எழுதினார்கள். கீழே "சாமோ" என்று கையெழுத்து. எல்லாம் பழைய கதைதான் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. யார் இந்த சாமோ என்று ஊரே பேசியது. 1978-ல் பத்திரிகையிலும் வந்துவிட்டது.

ஒருநாள் ஓட்டல் ஒன்றில் ஆண்டி வார்ஹால் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். அமெரிக்காவின் மிகப் பெரிய ஓவியர். தயங்காமல் உள்ளே போனார் வாலிபர். வார்ஹால் ஒரு தபால் அட்டை வாங்கினார்.

1981-ல் ஒரு கூட்டுக் கண்காட்சியில் பாஸ்கியாவின் படங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. பாடகி டெபி ஹாரி 200 டாலர் கொடுத்து ஒரு படம் வாங்கினார். கித்தான் வாங்கப் பணம் இல்லாத நாட்களில், தெருவில் கிடந்த கதவு, ஜன்னல் எதுவும் அவருக்குப் படம் வரையும் பலகைதான். நண்பர் வீட்டுக் குளிர்ப்பெட்டியைக்கூட விடவில்லை! எண்ணெய் வர்ணக் குச்சி இதற்கெல்லாம் ஏற்ற பொருள். எதன் மேலும் எழுதும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அவர் எப்படி வரைவார்? கித்தானைத் தரையில் விரித்துப் போடுவார். அதன் மேலேயே நடப்பார். பக்கத்தில் டெலிவிஷன் ஓடும். ஜாஸ் இசை முழங்கும். புத்தகங்கள் திறந்து கிடக்கும். கண்ணில் படும் சொல், காதில் விழும் சொல் எல்லாம் படத்துக்குள் போகும். முதலில் அக்ரிலிக் வர்ணத்தை வீசிப் பூசுவார். அது சட்டென்று காய்ந்துவிடும். உடனே குச்சியை எடுத்து அதன் மேல் எழுதவும் கீறவும் தொடங்குவார்.

எழுதிய சொல்லை அவரே கோடு போட்டு அடித்துவிடுவார். ஏன்? அடித்தால்தான் ஜனங்கள் அதை உற்றுப் படிப்பார்கள் என்றார்!

கறுப்பு இனத்து வீரர்களை அவர் நிறைய வரைந்தார். குத்துச்சண்டை வீரர்கள் ஜோ லூயிஸ், சுகர் ரே ராபின்சன், இசை மேதை சார்லி பார்க்கர் முதலியோர். அவர்கள் தலைக்கு மேலே மூன்று முனைக் கிரீடம். மியூசியங்களில் தம் இனத்தவர் படமே இல்லை என்ற ஏக்கம் அந்தக் கிரீடத்தில் இருந்தது.

நிலவறை

பெயர் வந்தது. பணம் வந்தது. ஏளனமும் கூடவே வந்தது.

அன்னினா நோசேய் என்ற அம்மையார் தம் ஓவியக் கடையின் நிலவறையை அவருக்கு வரைய இடமாகக் கொடுத்தார். பாஸ்கியாவை நிலவறையில் பூட்டி வைத்து வேலை வாங்குவது போல வெளியில் பேசினார்கள். பேட்டி காண வந்தவரும் அதையே கேட்டார். தாம் வெள்ளைக்காரராக இருந்தால், தங்கி வரையும் ஓவியர் என்று கௌரவமாகச் சொல்லியிருப்பார்கள் என்று பாஸ்கியா பட்டென்று பதில் சொன்னார்.

1982-ல் ஜெர்மனியில் நடந்த "டாக்குமென்டா" என்ற உலகக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 700 கோடி ரூபாய்த் தலையும் அந்த ஆண்டில் பிறந்ததுதான்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற கறுப்பு இன வாலிபர் சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று போலீசார் பிடித்தார்கள். போலீஸ் காவலில் நினைவு இழந்தார். 13 நாள் கழித்து இறந்தார். 1985-ல் நடந்த விசாரணையில் போலீசார் விடுதலை ஆனார்கள்.

பாஸ்கியா ஆடிப்போனார். சுவரில் எழுதிய கை அல்லவா அவருடையதும்! தாமாகவும் இருந்திருக்கலாம் என்று நண்பர்களிடம் சொன்னார். கீத் ஹேரிங் என்ற ஓவியரின் அறைச் சுவரிலேயே அந்தக் கொடுமையை வரைந்தார். இரண்டு போலீசார், தடிகள், நடுவே முகம் இல்லாத ஒரு கறுப்பு உருவம். ஹேரிங் பிறகு சுவரில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, சட்டம் போட்டுத் தம் கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்தார்.

முடிவு

தபால் அட்டை வாங்கிய வார்ஹால், பின்னாளில் உற்ற நண்பர் ஆனார். இருவரும் ஒரே கித்தானில் சேர்ந்து வரைந்தார்கள். 1985-ல் கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைகள் குறை கூறின. பாஸ்கியா மனம் உடைந்து விலகினார்.

1987-ல் வார்ஹால் இறந்தார். பாஸ்கியாவால் தாங்க முடியவில்லை. ஏற்கெனவே பிடித்திருந்த போதை மருந்துப் பழக்கம் முற்றியது. 1988-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி, தம் வீட்டில், ஹெராயின் அளவுக்கு மீறிப் போய் இறந்தார். வயது 27.

புரூக்ளினில் உள்ள கிரீன்வுட் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஏலத்தில் எடுத்த தலைப்படத்தை மேசாவா என்ன செய்தார்? பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. ஊருக்கு ஊர் அனுப்பி, மக்கள் பார்க்கட்டும் என்றார். 2018-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி கண்காட்சி திறந்தது. ஒரே ஒரு படம்தான் அந்தக் கண்காட்சியில். இடம், ஆறு வயதுப் பையனைத் தாயார் கைப்பிடித்து அழைத்துப் போன அதே புரூக்ளின் மியூசியம்.